அடிக்கக் கூடாத மேளம்

போளூரில் முதன்முதலாகப் போட்டபோது யாரோ கடைசிக் காட்சியைச் செல்போனில் பிடித்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து எங்கே நாடகம் நடந்தாலும், முடிந்ததும் ஒருவராவது என்னைத் தேடி வந்து, "கடைசியில அந்த மேளம் வருமே, அத ஏன் எடுத்துட்டீங்க?" என்று கேட்கிறார். நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது. நான் எழுதிய கடைசிக் காட்சியில் மேளமே கிடையாது. இல்லாததை நான் எப்படி எடுப்பது? இப்படிச் சொன்னால் சிரித்துவிட்டுப் போகிறார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி ஒருதரம் எழுதிப் போட்டுவிடுகிறேன். பிறகு யாரும் என்னைக் கேட்க வேண்டாம்.

நான் ஜவ்வாது மலையில் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவள். கட்டிக்கொண்டது அத்தை மகனை. என் மாமியார் என் அப்பாவோடு கூடப் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன்னும் அத்தை, பின்னும் அத்தை. அவள் பிறந்த வீடும் நான் பிறந்த வீடும் ஒன்றே. மேட்டைத் தாண்டினால் அந்த ஊர். இப்போது அங்கே என் அண்ணன் குடும்பம் இருக்கிறது. மாமனார் நான் வாழ வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். ஆக எங்கள் வீட்டில் மூன்று பேர்.

ஒரு வருஷம் சாமை அறுப்பு முடிந்த கையோடு மேஸ்திரி ஒருவர் வந்து வேலைக்கு ஆள் கூப்பிட்டார். ஆந்திரா பக்கம் என்றார், கட்டட வேலை என்றார். எங்கள் மலையில் அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் என்ன வேலை என்று தெரிந்துவிடும், தெரிந்தால் அனுப்ப மனசு வராது. என் வீட்டுக்காரரும் வேனில் ஏறினார். கூடப் போனவர்கள் ஒவ்வொருவராக, ஏதோ ஒரு வழியாகத் திரும்பி வந்தார்கள். அவர் வரவில்லை. "ஓடறப்ப பிரிஞ்சிட்டோம்" என்பார்கள். யாருக்குப் பயந்து ஓடினீர்கள், எந்தக் காடு என்றால் தலையைக் குனிந்துகொள்வார்கள். அவருடைய போன் அன்றிலிருந்து அணைந்தே கிடக்கிறது.

செத்ததாகவும் சேதி இல்லை, இருப்பதாகவும் சேதி இல்லை. விசேஷ வீடுகளில் குங்குமத் தட்டு என்னிடம் வரும்போது கொடுக்கிறவள் கை ஒரு கணம் தயங்கும். வைக்கலாமா, தாண்டிப் போகலாமா என்று கண் அங்குமிங்கும் போகும். அத்தை சும்மா இருக்க மாட்டாள். தட்டை இழுத்துப் பிடித்து என் நெற்றியில் தானே அழுத்தி வைத்துவிட்டு, "எம் புள்ள வேலைக்குப் போயிருக்கான். இன்னா பாக்கற?" என்பாள். அந்த ஒரு பேச்சில்தான் என் தாலி கழுத்தில் நின்றது என்று சொல்ல வேண்டும். அவர் இருக்கிறார் என்று ஊரில் நம்பியவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

நாடகத்தை அங்கன்வாடியில், பிள்ளைகள் மத்தியானம் தூங்கும் நேரத்தில் எழுதினேன். வீட்டில் அத்தைக்கு அது பெரிய வேடிக்கை. "பகல்ல கொயந்தைங்கள தூங்க வச்சிட்டு இன்னா கிறுக்கற? கவர்மெண்டுல கேட்டா இன்னா சொல்லுவ?" என்பாள். மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில் ஒருவனுக்காகக் காத்திருக்கிற கதை. கடைசிக் காட்சியில் ராத்திரி வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதா வேண்டாமா என்று இரண்டு பேருக்கும் சண்டை. போடாமலே படுத்துக்கொள்கிறார்கள், விளக்கு அணைகிறது. அவ்வளவுதான். அவன் வந்தானா என்று நான் எழுதவில்லை. எனக்கே தெரியாததை எப்படி எழுதுவேன்?

போளூரில் கல்லூரி வாத்தியார் ஒருவர் நாடகக்குழு நடத்துகிறார். மாணவர்களோடு மலைக்கு முகாம் வந்தபோது என் நாடகத்தை வாங்கிப் படித்தார். சில மாதத்தில் அவரே இயக்கி, போளூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டார். நானும் அத்தையும் மலை பஸ்ஸைப் பிடித்துப் போனோம். உள்ளதைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குக் கால் தரையில் இல்லை. நான் சிரிக்க எழுதிய இடத்தில் முன்பின் தெரியாதவர்கள் சிரித்தார்கள். அத்தை என் காதில், "அந்தப் பொண்ணு நீதானாமே? உன்னாட்டம் வாயாடலியே" என்றாள்.

கடைசிக் காட்சி. கதவுக்குத் தாழ்ப்பாள் போடவில்லை. விளக்கு அணைந்தது. இருட்டில், எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து சாவு மேளம் எழுந்தது.

அத்தை என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது. மண்டபம் முழுக்க விசும்பல். விளக்கு வந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அத்தை, "எந்திரி, போலாம்" என்றாள்.

இயக்குநர் முகமெல்லாம் பூரிப்பாக வந்தார். "ஜனங்க அழுதத பாத்தீங்களாம்மா?"

"அவர் செத்துட்டாருன்னு உங்களுக்கு யாரு சொன்னது?" என்றேன்.

"நாடகத்துல வர்றவரத்தான சொல்றீங்க?"

"ஆமா, நாடகத்துல வர்றவரத்தான்" என்றேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்.

அந்த வருஷம் மாவட்ட அளவில் நாடகத்துக்குப் பரிசு கிடைத்தது. பேப்பரில் என் படம் வந்தது. அண்ணன் அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்திக்கொண்டான். "வூட்டு சங்கதிய மேடையில ஏத்தி நாலு பேரு கை தட்டறதுக்கு வுட்டுட்டா" என்று அண்ணியிடம் சொன்னானாம். நான் போய்ச் சமாதானம் பண்ணவில்லை. எனக்கும் வீம்பு உண்டு.

பிறகு பாராட்டு விழா பேச்சு வந்தது. பரிசு கொடுத்தவர்கள் எனக்கு என் ஊரிலேயே, மலையிலேயே விழா எடுக்க வேண்டும், நாடகத்தையும் அங்கே போட வேண்டும் என்றார்கள். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் மேளம் கூடாது என்று இயக்குநரிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

அவருக்குப் புரியும்படி எடுத்தும் சொன்னேன். சாவு மேளம் எங்களுக்குப் பாட்டு இல்லை, சேதி. டவர் கிடைக்காத ஊர்களுக்கு அதுதான் போன். காதில் விழுந்தவுடன் அந்தந்த ஊரில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். உறவுக்காரர்கள் யாரு, என்ன என்று விசாரித்துக்கொண்டு நிற்காமல் கோடித் துணியோடு கிளம்பிவிடுவார்கள். புருஷன் செத்தால் பெண்டாட்டிக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை வரும். அது தோளில் விழுந்துவிட்டால் அவள் தாலி அறுத்தவள். பெண்ணே செத்தாலும் கடைசியாக அவள் உடம்பின் மேல் விழுவது பிறந்த வீட்டுக் கோடிதான். எடுத்து வந்த கோடியை மட்டும் திருப்பிக்கொண்டு போகக் கூடாது. போட ஆளில்லாமல் துணி திரும்பினால், திரும்பிய வீட்டில் அது ஆள் கேட்கும்.

"இவ்ளோ விஷயம் இருக்கா!" என்று ஆச்சரியப்பட்டுக் கேட்டுக்கொண்டார். மேளக்காரர்கள் சந்தவாசலிலிருந்து வந்தவர்கள். சாமி ஊர்வலக் காட்சிக்கும் அவர்கள்தான் வாசிக்க வேண்டும். அவர்களைக் கூப்பிட்டு என் எதிரிலேயே, "கடைசி மேளம் கிடையாது" என்று சொன்னார். நானும் நம்பினேன்.

பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். பனி இறங்குவதற்குள் முடிக்க வேண்டும் என்று பொழுது இருக்கும்போதே ஆரம்பித்தோம். சென்னையிலிருந்து விருந்தாளிகள் காரில் வந்திருந்தார்கள். எங்கள் ஊர் ஜனம் மொத்தமும் வந்தது. அத்தை முன்வரிசையில் உட்கார்ந்தாள். ஆனால் போளூரில் சிரித்த இடங்களில் இங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. மேடையைப் பார்ப்பார்கள், என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள், மறுபடி மேடையைப் பார்ப்பார்கள். கதை யாருடையது என்று அவர்களுக்குச் சொல்லவா வேண்டும்? போடாமல் இருந்திருக்கலாமோ என்று அப்போதே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

தாழ்ப்பாள் சண்டை முடிந்தது. இரண்டு பெண்களும் படுத்தார்கள். பந்தல் ஓரமாக நின்ற இயக்குநர் விருந்தாளிகள் பக்கம் ஒருதரம் பார்த்தார். பிறகு கையை உயர்த்தினார்.

அடித்துவிட்டார்கள். மண்டபத்துக்குள் கேட்டது வேறு. இங்கே இந்தச் சரிவில் பட்டு அந்தச் சரிவுக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்தது. நான் எழுந்து ஓடி மேளத்தைக் கையால் அழுத்திப் பிடிப்பதற்குள் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? "ஒரு நிமிஷம்தானம்மா" என்று பிற்பாடு இயக்குநர் சொன்னார். அந்த ஒரு நிமிஷத்துக்காக அந்த மனிதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

விருந்தாளிகள் கை தட்டினார்கள். எங்கள் ஜனம் தட்டவில்லை. பெண்கள், தாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே கொண்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்ச் சரிவில் சாயங்கால அடுப்புப் புகை ஏழெட்டு வீட்டிலிருந்து போய்க்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாக நின்றது.

விழா என்று ஒன்று நடந்தது. மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள், கேடயம் கொடுத்தார்கள். மலையின் குரல் என்று ஒருவர் பேசினார். என் கண் அவரிடம் இல்லை. மேட்டு வழியில் வரிசையாக ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். இயக்குநர் என் பக்கம் குனிந்து, "பாருங்க, இன்னும் ஜனம் வருது" என்றார். பாவி, சந்தோஷமாகச் சொன்னார்.

முன்னால் வந்தது என் அண்ணன். பின்னால் அண்ணி, இடுப்பில் கைக்குழந்தை. அண்ணன் கையில் புடவை.

நான் சால்வையோடு கீழே இறங்கினேன். அவன் என்னைப் பார்த்ததும் உடைந்துவிட்டான். "எங்க வச்சிருக்காங்க? எந்த வூட்டுல? யாரு எடுத்தாந்தது?" என்று கேட்டான். அவ்வளவு நாள் பேசாதவன் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு அழுதான்.

"ஒண்ணுமில்லண்ணா. நாடகம். நாடகத்துல அடிச்சிட்டாங்க" என்றேன்.

அவனுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் கையிலிருந்த புடவையைப் பார்த்தான். நானும் அப்போதுதான் பார்த்தேன். கடை மடிப்புக் கலையாத புடவை. மேளம் கேட்ட நேரத்துக்கும் அவன் வந்த நேரத்துக்கும் நடுவில் எந்தக் கடைக்குப் போயிருப்பான்?

"எப்ப எடுத்த?" என்று கேட்டேன்.

அண்ணிதான் சொன்னாள். "போன வருசம் படவேடு கோயிலுக்குப் போனப்ப எடுத்தாரு. பொட்டிக்குள்ள வச்சிருந்தாரு. என்னிக்காவது வேணுமேன்னு."

எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. என் அண்ணன் என் தாலியை எப்போதோ அறுத்துப் பெட்டியில் வைத்துவிட்டான். அவனை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அவன் காலடியில் உட்கார்ந்து அழ வேண்டும் போலவும் இருந்தது.

ஊர்க்கவுண்டர் வந்தார். விஷயம் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை, நியாயமாகத்தான் பேசினார். "மேளம் அடிச்சாச்சி. அடுப்பு அணைஞ்சாச்சி. கோடி எல்லைக்குள்ள வந்தாச்சி. இன்னான்னு திருப்பி அனுப்பறது? அவன் வூட்டுல பச்சக்கொயந்த கீது." பிறகு என்னிடம், "நீயே ஒரு முடிவு சொல்லும்மா. எத்தினி நாளைக்குத்தான்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணி குழந்தையின் தலையை முந்தானையால் மூடினாள். வாங்கிக்கொண்டால் அவர் செத்துவிடுகிறார். வாங்காவிட்டால் அந்தக் குழந்தை. மூடநம்பிக்கை என்று பேசுகிறவர்கள் பேசட்டும். அந்த இடத்தில், அண்ணி முகத்துக்கு நேராக நின்று அப்படிச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அத்தை முன்வரிசையிலிருந்து எழுந்து வந்தாள்.

"சாவுதான வேணும்? என்னுதுன்னு வச்சிக்கங்க" என்றாள். அண்ணனைப் பார்த்து, "என் பொறந்த வூட்டுக் கோடிதான இது? எனக்குப் போடுடா" என்றாள்.

"அத்த, இன்னா பேசற நீ" என்றான் அண்ணன்.

"சரியாத்தான் பேசறேன். ஆத்தா செத்துட்டான்னு தெரிஞ்சா எம் புள்ள எங்க இருந்தாலும் கொள்ளி வைக்க வருவான். இதுக்காவது வருவான்." அதை அவள் எங்களுக்குச் சொல்லவில்லை. அவளுக்கே அப்போதுதான் அந்த வழி தெரிந்த மாதிரி இருந்தது. முகம் தெளிந்துவிட்டது. எனக்கு அந்தத் தெளிவைப் பார்த்துத்தான் பயம் வந்தது.

அண்ணன் மடிப்பைப் பிரித்து, உயிரோடு நிற்கிறவளின் தோளில் போர்த்தினான். ஒரு பெண் வழக்கப்படி ஒப்பாரியை எடுத்துவிட்டு, எடுத்ததும் விட்டுவிட்டாள். சென்னைக்காரர்களில் ஒருவர் போன் எடுத்துப் படம் பிடிக்கப் பார்த்தார். இயக்குநர் அவர் கையைத் தட்டிவிட்டார். அந்த அளவுக்காவது அவருக்குப் புரிந்தது.

அன்றிலிருந்து ஊர் அவளைப் போனவளாகவே நடத்தியது. தண்ணீர்க் குழாயடிக்கு அவள் போனால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். அத்தைக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. அவள் அந்தக் கோடியையே கட்டிக்கொண்டு சேதி அனுப்புவதில் குறியாக இருந்தாள். ஆந்திராவுக்குப் போய்த் திரும்பியவர்கள் வீடு ஒவ்வொன்றுக்கும் என்னை அனுப்பினாள். "அவங்கம்மா செத்துட்டாங்க, காரியத்துக்குள்ள வரச் சொல்லுன்னு அந்த மேஸ்திரிக்குப் போன் போடச் சொல்லு. போன வழி தெரிஞ்சவங்களுக்குச் சொல்லற வழியும் தெரியும்" என்றாள்.

அதோடும் விடவில்லை. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க வேண்டும் என்றாள். "நீதான எழுதறவ. எழுது."

எழுதினேன். எதிரில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருக்கிறவளுக்கு, மறைந்தார் என்று எழுதினேன். மகன் பெயரைப் பெரிதாகப் போடச் சொன்னாள். வெயிலில் போய் நின்று படம் எடுத்துக்கொண்டாள். இயக்குநர் போளூரில் அச்சடித்து, தானே காரை எடுத்துக்கொண்டு போய் ஆந்திர எல்லை தாண்டிப் பஸ் ஸ்டாண்டுகளில் ஒட்டிவிட்டு வந்தார். போனிலும் பரப்பினார். குற்ற உணர்ச்சி அவரைத் தூங்கவிடவில்லை போலிருக்கிறது. நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். போஸ்டரைக் கொண்டுவந்து காட்டியபோது அத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "மூக்கு இம்மாம் பெருசாவா கீது எனக்கு?" என்றாள். நான் சிரித்தேன். சிரித்த கையோடு அழுதேன்.

போஸ்டரை என் வீட்டுக்காரர் பார்த்துவிட வேண்டும் என்று எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டேன். அதே நேரம், பார்க்காமல் இருந்தால் நல்லது என்றும் தோன்றியது. பார்க்கவில்லை என்றால் வராததற்கு ஒரு காரணம் இருக்கும். ஆனால் சேதி போய்விட்டது. மேஸ்திரியே யார் மூலமாகவோ திருப்பிச் சொல்லி அனுப்பினார்: தெரிஞ்ச இடத்துக்கெல்லாம் சொல்லியாச்சு, அந்தப் பக்கம் இருக்கிற நம்ம ஆளுங்க எல்லாருக்கும் தெரியும்.

காரியத்தன்று அத்தை விடியும்போதே குளித்துவிட்டு வாசலில் உட்கார்ந்தாள். அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். செத்தவளே உட்கார்ந்திருக்கும்போது யாருக்கு என்ன செய்வது என்று தெரியாமல் எல்லோரும் சும்மா இருந்தோம். காலை பஸ் வந்து போனது. மத்தியான பஸ்ஸும் வந்து போனது. அண்ணன் சாப்பிடக் கூப்பிட்டான். அவள் கையை ஆட்டி, வேண்டாம் என்றாள். சாயங்கால பஸ்ஸில் இறங்கியவர்கள் எங்கள் வாசலைப் பார்க்காமல் வேகமாக நடந்து போனார்கள். அதற்குப் பிறகு பஸ் கிடையாது.

அத்தை எழுந்து உள்ளே போனாள். பழைய புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, அந்தக் கோடியை மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். முகத்தில் அழுகை இல்லை. என் எதிரில் நின்று, மடிப்பை நிதானமாகப் பிரித்தாள்.

"ஆத்தா செத்தும் வர்லன்னா, அவன் இல்லம்மா" என்றாள். "உங்கண்ணன் உனக்குன்னுதான் எடுத்தான். கிட்ட வா."

அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்ல அந்த வீட்டில் இனி நான் ஒருத்திதான். சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவள் கை புடவையோடு நீண்டிருந்தது. நான் எழுந்து அவள் கிட்டே போனேன்.